ஆமையோடு வந்த வீடு

வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் அடுப்பு கொடுப்பார்கள், ஃப்ரிட்ஜ் கொடுப்பார்கள், மனசிருந்தால் ஜன்னல் திரைகூடக் கொடுப்பார்கள். அரிசோனா மாநிலத்து டூசானில் டாலஃப்சன் குடும்பத்துக்கு ஓர் ஆமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் விமானப்படையில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். வயதாகிவிட்டதென்று மகன் அவரை டெக்சாஸுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டான். ஆனால் பாலைவன ஆமையை அரிசோனா எல்லை தாண்டிக் கொண்டுபோகச் சட்டம் விடாது. அதனால் கர்னல் போனார், ஆமை இருந்தது. தெருவில் எல்லோரும் அதையும் கர்னல் என்றே கூப்பிட்டார்கள்.

சாவியைக் கொடுத்தவள் பக்கத்து வீட்டு ஒஃபீலியா புஸ்தமாந்தே.

"ஆமைன்னா... உசுரோடயா?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"பின்னே செத்ததையா வச்சிட்டுப் போவாங்க? பின்பக்கம் வளைக்குள்ள இருக்காரு. மழை வந்தா வெளிய வருவாரு."

"மழை எப்போ வரும்?"

"வர்றப்போ வரும்."

அது ஜூன் மாதம். கார் ஸ்டியரிங்கைத் தொட அடுப்பங்கரைக் கையுறை போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. குழாயில் 'கோல்டு' என்று எழுதியிருந்த பக்கம் திறந்தாலும் சுடுதண்ணீர்தான். மார்லிஸ் ஒஃபீலியாவைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொள்வது அவள் ஊர்ப் பழக்கம்.

அவள் ஊர் மினசோட்டாவில் டுலூத். அங்கே வருஷத்தில் பாதி பனி, மீதிப் பாதி பனி வரப்போகிறதே என்ற பேச்சு. அவள் புருஷன் ஆரின் அங்கே வீடுகளைச் சூடாக்கும் ஹீட்டர் விற்றான். கம்பெனி அவனைத் தெற்கே அனுப்பி, வீடுகளைக் குளிராக்கும் ஏசி விற்கச் சொன்னது. "ரெண்டும் ஒரே வேலைதான், காத்துதான் மாறுது," என்று சமாதானம் சொல்லிப் பெண்டாட்டியையும் ஒன்பது வயது மகள் பிரிட்டாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

மார்லிஸ் சும்மா வந்துவிடவில்லை, நிபந்தனையோடு வந்தாள். டுலூத் வீட்டை விற்கக் கூடாது. ஒரு வருஷம் சித்தி மகனைக் குடிவைக்க வேண்டும். குளிர்கோட்டு, கம்பளி, ஆரின் ஏரிப் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற சாமான் எல்லாம் டூசானுக்குக் கொண்டுவந்து, டேப் ஒட்டியபடியே கார் ஷெட்டில் போட்டு வைக்க வேண்டும். அடுத்த ஜூனில் மூன்று பேரும் உட்கார்ந்து ஓட்டுப் போட வேண்டும்: இருப்பதா, திரும்புவதா. டுலூத்தில் தேவாலயக் கமிட்டிக்குக் காலம் காலமாகச் செயலாளராக இருந்தவள் அவள். ஓட்டெடுக்காமல் அந்த வீட்டில் நாய்க்குட்டிகூட வாங்கியதில்லை. ஓட்டெடுத்தும் வாங்கவில்லை, அது வேறு விஷயம். சின்னவர்கள் முதலில் ஓட்டுப் போட வேண்டும், பெரியவர்கள் முகத்தைப் பார்த்து மனசு மாறக்கூடாது என்பது சட்டம். போட்ட ஓட்டை மறுபடி எடுக்கலாம், ஆனால் ஜெயித்த பக்கம் ஓட்டுப் போட்டவர்தான் அதைக் கேட்கலாம் என்று இன்னொரு சட்டம். இதெல்லாம் மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு!

இவ்வளவு சட்டம் வைத்திருக்கிற ஜனங்களுக்கு ஒன்று மட்டும் வராது. எனக்கு இது வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல வராது. பசியோடு வந்தவனுக்குத் தட்டை நீட்டினால் "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன்" என்பான். மூன்றாவது தடவை நீட்டினால்தான் "சரி, கொஞ்சூண்டு" என்பான். மார்லிஸ் தட்டு நிறைய இனிப்பு சுட்டுச் சதுரம் சதுரமாக வெட்டுவாள், டுலூத்தில் அதற்குப் 'பார்' என்று பெயர். எல்லாம் தீர்ந்து கடைசித் துண்டு மட்டும் தட்டில் நிற்கும். அதை எடுக்கிறவன் மனுஷனே இல்லை. ஒருவர் பாதி வெட்டி எடுத்துக்கொள்வார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்குப் போதுமான அளவு மிஞ்சும், அதையும் தட்டோடு கழுவி ஊற்றுவார்கள். ஆசைப்பட்டதாக யாருக்கும் கெட்ட பெயர் இல்லை.

குடிவந்த வாரம், முற்றத்து மரத்து எலுமிச்சையைப் பிழிந்து பார் சுட்டு ஒஃபீலியா வீட்டுக்குக் கொண்டுபோனாள் மார்லிஸ். ஒஃபீலியா நின்றபடியே ரெண்டு தின்றாள். பேரன் பேத்திகள் ஓடி வந்து ஆளுக்கொன்று தின்றார்கள். தட்டில் ஒன்றே ஒன்று இருந்தது. ஒஃபீலியா கை நீட்டினாள், எடுத்தாள், வாயில் போட்டாள், விரலையும் நக்கினாள்.

"அந்தக் கடைசித் துண்டை எடுத்துட்டா, ஆரின்! முழுசா! என் கண்ணைப் பார்த்துக்கிட்டே!" என்று வீட்டுக்கு வந்து புலம்பினாள் மார்லிஸ்.

"அவங்க ஊர் அப்படி," என்றான் ஆரின்.

அன்றைக்கே மார்லிஸ் முடிவு கட்டிவிட்டாள், இது நமக்கான ஊர் இல்லை என்று.

ஜூலையில் ஒரு சாயங்காலம் வானம் கறுத்து, புழுதி கிளம்பி, கொட்டு கொட்டென்று கொட்டியது. தெரு ஆறாக ஓடியது. மழை விட்டதும் முற்றத்து வளையிலிருந்து கர்னல் வெளியே வந்தது. சோற்றுப் பானை அளவு இருக்கும். ஓடெல்லாம் மண். அவசரமே இல்லாமல் தேங்கின தண்ணீர் வரைக்கும் நடந்து, மூக்கை முக்கி, நிதானமாகக் குடித்தது. பிரிட்டா குப்புறப் படுத்து அதன் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். அது நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தது. அவ்வளவுதான், முடிந்தது கதை. பிள்ளைக்கு அன்றிலிருந்து வேறு உலகம் கிடையாது. காலையில் செம்பருத்திப் பூ ஊட்டுவாள், சாயங்காலம் சப்பாத்திக்கள்ளியை முள் நீக்கி வைப்பாள்.

மார்லிஸ் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மூன்று ஓட்டு. ஆரின் எப்படியும் இருப்போம் என்பான், அவன் வியாபாரம் இங்கேதான் பிய்த்துக்கொண்டு போகிறது. பிரிட்டா ஓட்டுத்தான் ஜெயிக்க வைக்கும், தோற்க வைக்கும். அந்த ஓட்டை ஒரு ஆமை வளைத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"டுலூத்துக்குப் போனா கர்னலும் நம்மகூட வருவாரா?" என்று ஒருநாள் பிரிட்டா கேட்டாள்.

மார்லிஸ் பதில் தேடுவதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒஃபீலியா முந்திக்கொண்டாள். "வர மாட்டாருடா செல்லம். எல்லை தாண்டினா போலீஸ் பிடிக்கும். எங்க தாத்தாவையெல்லாம் மெக்சிகோலேருந்து இந்தப் பக்கம் வரக்கூடாதுன்னாங்க, இவரை அந்தப் பக்கம் போகக்கூடாதுங்கறாங்க. என்ன சட்டமோ!"

எதிர்க்கட்சிக்கு வேலிப் பக்கத்திலேயே பிரச்சாரகர் வேறு!

ஆனால் அக்டோபரில் மார்லிஸுக்குக் காலம் கனிந்தது. காற்று குளிர ஆரம்பித்ததும் கர்னல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு வளைக்குள் போய்ப் படுத்துவிட்டது. மார்ச் வரைக்கும் எழுந்திருக்காது. எதிராளி தூங்கும்போது ஓட்டு வேட்டையாட யாருக்குக் கசக்கும்? மார்லிஸ் தினமும் பிரிட்டாவுக்குத் தலை வாரிக்கொண்டே பனிச்சறுக்கு, பனிப் பொம்மை, பள்ளிக்கூட லீவு, பழைய சிநேகிதிகள் என்று எடுத்துவிடுவாள்.

"நல்லா இருக்கும்ல?"

"ம். நல்லா இருக்கும்மா," என்பாள் பிரிட்டா. அவளும் டுலூத் ரத்தம்தானே! மார்லிஸ் அந்த ஓட்டைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

ஜனவரியில் விடாமல் மழை பிடித்துக்கொண்டது. கோடை மழை மாதிரி கொட்டிவிட்டுப் போகிற மழை இல்லை, நசநசவென்று நாள் கணக்கில் பெய்கிற குளிர்மழை. ஆரின் வேலையாக ஃபீனிக்ஸ் போயிருந்தான். பிரிட்டா பள்ளிக்கூடத்தில். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மார்லிஸ் ஜன்னல் வழியே பார்த்தாள். கூரைத் தண்ணீர் முற்றத்தில் வாய்க்காலாகக் கோடு போட்டு, நேராகக் கர்னலின் வளைக்குள் போய்க்கொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு நிமிஷம் அவள் அசையவில்லை. நான் பார்க்கவே இல்லை என்று சொல்லலாம். கர்னல் போனால் பிள்ளை ரெண்டு நாள் அழும், ஜூனில் ஓட்டு அம்மாவுக்குத்தான். இப்படியெல்லாம் அந்த நல்ல பெண்மணிக்குத் தோன்றியது. அடுத்த நிமிஷம் அவள் சேற்றில் குப்புறக் கிடந்தாள், வலது கை தோள்பட்டை வரைக்கும் வளைக்குள்.

"ஒஃபீலியா! ஒஃபீலியா! ஓடி வா!" டுலூத்தில் அவள் குரலை இந்த உயரத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

ஒஃபீலியா குடையைக்கூட எடுக்காமல் ஓடி வந்து அவள் ரெண்டு காலையும் பிடித்து இழுத்தாள். மார்லிஸ் வந்தாள், மார்லிஸ் பிடியில் கர்னலும் வந்தது. கல் மாதிரி சில்லிட்டிருந்தது.

"செத்துப்போச்சா? உள்ள ஹீட்டர் போடு! போர்வையில சுத்தி ஹீட்டர் முன்னால வை!"

"அடியே, ஹீட்டர் வச்சுத்தான் கொல்லப்போற! சூடு பட்டா வேனில் வந்துடுச்சுன்னு எழுந்துடுவாரு. எழுந்தா பசிக்கும், தின்னா இந்தக் குளிர்ல செரிக்காது. ஈரம் இல்லாம, குளிராவே வை. குளிரா ஒரு பெட்டி வேணும்."

குளிராக ஒரு பெட்டி! மார்லிஸ் கார் ஷெட்டைப் பார்த்தாள். ஜூன் வரைக்கும் தொடக் கூடாது என்று தானே சட்டம் போட்டு வைத்திருந்த மூட்டைகள். கத்தியால் டேப்பைக் கிழித்தாள். ஆரின் பிடித்த மீனை ஐஸில் போட்டு வைக்கிற பெட்டியை எடுத்தாள், தன் கம்பளிக் கோட்டை உள்ளே விரித்தாள், தேவாலயத்தில் பிரிவுப் பரிசாகக் கொடுத்த சால்வையை மேலே போர்த்தினாள். வெளிச்சூடும் உள்ளே வரக்கூடாது, உள்குளிரும் வெளியே போகக்கூடாது. அந்த வித்தை டூசானிலேயே அவளுக்குத்தான் தெரியும். ஒஃபீலியா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே, உங்க ஊரு எதுக்கும் உதவாதுன்னு நினைச்சேன்."

மழை விட்டும் கர்னல் பெட்டியிலேயே தூங்கியது. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க மார்லிஸ் தினமும் கார் ஷெட்டுக்குப் போவாள். போனால் ஒரு கவிழ்த்த வாளியில் உட்காருவாள். உட்கார்ந்தால் பேசுவாள். பேசினால் முகம் சுளிக்காத, பதில் சொல்லாத, நாலு பேரிடம் போய்ச் சொல்லாத ஆள் அவளுக்கு ஆயுசில் முதன்முதலாகக் கிடைத்திருந்தது.

"பிப்ரவரி வந்தா டுலூத்துல அஞ்சு மணிக்கே இருட்டத் தொடங்கிடும்," என்று ஒருநாள் சொன்னாள். "நான் சிங்க்குக்கு முன்னால நின்னு அழுவேன். காரணமே இருக்காது. குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவேன். ஆரினுக்குத் தெரியாது. இந்த வருஷம் அழலை. நேத்து துணி காயப் போட்டேன், வெயில் முதுகுல பட்டுச்சு, பாட்டு வந்துச்சு. பாட்டு! எனக்கு இங்க பிடிச்சிருக்கு கர்னல். யார்கிட்டயும் சொல்லிடாத."

கர்னல் சொல்லவில்லை. மார்லிஸும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? தங்கையோடு போன் பேசும்போதெல்லாம் இந்த ஊரை வாய் வலிக்கத் திட்டியாயிற்று. ஆரின் செய்த தப்பை அவன் மறக்காதபடிக்குச் சாப்பாட்டு மேஜையில் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தாயிற்று. இப்போது போய்ப் பிடித்திருக்கிறது என்றால் அந்தப் பெருமூச்சையெல்லாம் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அவளுக்கு ஒரு வழி தோன்றியது. ஓட்டில் தோற்றுவிட வேண்டும். அவர்கள் ரெண்டு பேரும் டூசான் என்பார்கள். தான் டுலூத் என்று சொல்லி, கௌரவமாகத் தோற்று, பெரிய மனசு பண்ணி, ஆயுசுக்கும் இங்கேயே குறை சொல்லிக்கொண்டு சந்தோஷமாக இருக்கலாம். மார்ச்சில் கர்னல் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஓட்டு வேட்டையை நிறுத்தினாள். செம்பருத்தி பூக்கவில்லை என்றால் தானே கடைக்குப் போய்க் கீரை வாங்கி வந்தாள்.

"புருஷன்கிட்ட வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்," என்றாள் ஒஃபீலியா. யாரும் சொல்லாமலே அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"அப்படியெல்லாம் சொல்ல முடியாது. தேவையும் இல்ல. ரெண்டு பேரும் இங்கதான் போடுவாங்க."

"உங்க ஊர்ல வாய் எதுக்குடி வச்சிருக்கீங்க, சாப்பிட மட்டுமா? அதுவும் கடைசித் துண்டைச் சாப்பிடறதில்ல!"

ஜூன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நடுவில் எலுமிச்சை பார். ஆளுக்கு ரெண்டு, மூன்று தின்ற பிறகு மார்லிஸ் தொண்டையைக் கனைத்தாள்.

"சரி. சின்னவங்க முதல்ல. பிரிட்டா?"

பிரிட்டா தட்டைப் பார்த்தாள். "டுலூத்," என்றாள்.

மார்லிஸ் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "என்னது? அப்போ... கர்னல்?"

"ஒஃபீலியா ஆன்ட்டியோட அக்கா வீட்டுல விட்டுடலாம். அங்க நாய் இல்ல. நான் போய்ப் பார்த்துட்டேன். பரவாயில்லம்மா." குரல் நடுங்காமல் சொல்லப் பிள்ளை எத்தனை தடவை சொல்லிப் பார்த்ததோ!

"ஆரின்?" மார்லிஸ் புருஷனைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஆரின் அதை வேறு மாதிரி படித்தான்.

"டுலூத்," என்றான். "நீ ஒரு வருஷம் எங்களுக்காகப் பொறுத்துக்கிட்ட. போதும். கம்பெனிகிட்ட கேட்டுட்டேன், பழைய இடம் காலியா இருக்காம்."

இருந்திருந்து காலியாக இருக்க வேண்டிய இடமா அது! மார்லிஸின் முறை வந்தது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ரெண்டு பேர் அவளுக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் எப்படி மண் அள்ளிப் போடுவது? ஒரு பக்கம் ரெண்டு ஓட்டு விழுந்த பிறகு எதிர்த்துப் போடுவது தேவாலயக் கமிட்டியிலேயே வழக்கமில்லை.

"டுலூத்," என்றாள். "தீர்மானம் ஏகமனதா நிறைவேறியது."

"ரொம்ப சந்தோஷம்," என்றான் ஆரின்.

"ஆமா, சந்தோஷம்," என்றாள் பிரிட்டா.

சாவு வீட்டில்கூடக் கொஞ்சம் சத்தம் இருக்கும். தட்டில் கடைசித் துண்டு இருந்தது. ஆரின் கத்தியை எடுத்துப் பாதி வெட்டிக்கொண்டான். மீதிப் பாதியை மார்லிஸ் பக்கம் தள்ளினான். அவள் திரும்ப அவன் பக்கம் தள்ளினாள். பிரிட்டா நாற்காலியை நகர்த்திவிட்டு, "கர்னலுக்குப் பூ வச்சிட்டு வரேன்," என்று முற்றத்துக்குப் போனாள்.

மார்லிஸ் எழுந்து சிங்க்குக்கு முன்னால் நின்றாள். குழாயைத் திறந்தாள். திறந்தவள் மூடினாள், ஜன்னலுக்கு வெளியே பேச்சுக் குரல் கேட்டது. பிரிட்டா குப்புறப் படுத்துக்கொண்டு, ஆமை முகத்துக்கு நேராக முகத்தை வைத்திருந்தாள்.

"எனக்குப் போகவே வேணாம் கர்னல். ஆனா அம்மாவுக்கு இங்க பிடிக்கல, அதான் அப்படிச் சொன்னேன். நீ யார்கிட்டயும் சொல்லிடாத."

மார்லிஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தன் வார்த்தை அப்படியே! யாரும் கற்றுக்கொடுக்காமல் பத்து வயதிலேயே இந்த வியாதி பிள்ளைக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்னும் முப்பது வருஷம் கழித்து இவளும் எங்கேயோ ஒரு சிங்க்குக்கு முன்னால் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

"பிரிட்டா! உள்ள வா! கூட்டம் இன்னும் முடியல!"

பிரிட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஆரின் கத்தியோடு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஜெயிச்ச பக்கம் ஓட்டுப் போட்டவங்க மறுபடி எடுக்கச் சொல்லிக் கேக்கலாம்," என்றாள் மார்லிஸ். "நான் ஜெயிச்ச பக்கம்தான் போட்டேன். கேக்கறேன்."

சொல்லிவிட்டு, தட்டில் கிடந்த அந்தப் பாதியை எடுத்தாள். முழுசாக எடுத்தாள். ரெண்டு பேரும் பார்க்கப் பார்க்க வாயில் போட்டு, மென்று, விழுங்கினாள். விரலையும் நக்கினாள். பிரிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு வேணும்," என்றாள் மார்லிஸ்.

"பாரா?" என்று கேட்டான் ஆரின், பயந்துபோய்.

"இந்த ஊரு! இந்த வெயிலு, இந்த மரம், அந்த வாயாடி ஒஃபீலியா, எல்லாம் வேணும். நான் டுலூத்துக்கு வர மாட்டேன். அந்த இருட்டுல என்னால இன்னொரு பிப்ரவரி நிக்க முடியாது, ஆரின். நான் அழுவேன், உனக்குத் தெரியாது." தேவாலயக் கமிட்டிச் செயலாளர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து ஓவென்று அழுதாள். குழாயைத் திறக்காமல் அழுதாள். பிரிட்டா மடியில் ஏறி உட்கார்ந்து அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

ஆரின் ரெண்டு பேர் முதுகையும் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அவன் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியைக் கல்யாணத்தன்றுகூட மார்லிஸ் பார்த்ததில்லை.

"அப்போ எல்லாரும் மனசுல இருக்கறதச் சொல்லலாமா?"

"சொல்லு."

"எனக்கு எலுமிச்சை பார் பிடிக்காது, மார்லிஸ். கல்யாணம் ஆன நாள்லேருந்தே. எந்தப் பாரும் பிடிக்காது."

மார்லிஸுக்கு அழுகை சட்டென்று நின்றது. இத்தனை வருஷம் பாதி பாதியாக வெட்டி வெட்டித் தின்ற மனுஷன்!

"இதையெல்லாம் என்கிட்ட எதுக்குச் சொல்ற? போய் அந்தக் கர்னல்கிட்ட சொல்லிக்க வேண்டியதுதானே!"

"சொல்லிட்டேனே," என்றான் ஆரின். "ஜனவரியிலேயே."